ஊர் வேலைக்கு யார் பணம்? ராமநாதபுரம் கடற்கரைச் சங்கங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

தொண்டியிலிருந்து தேவிப்பட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரை எந்தக் கடலோர ஊரை எடுத்துக்கொண்டாலும் ஒரு இளைஞர் மன்றம் இருக்கும், ரெண்டு மூணு மகளிர் குழு இருக்கும், ஒரு ஜமாத்தோ பங்குப் பேரவையோ ஊர்க் கமிட்டியோ இருக்கும். வேலை செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊருணிக் கரையைக் கட்ட வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை வேண்டும், கரையில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை அள்ள வேண்டும், சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த வேண்டும் என்று பட்டியல் எல்லோரிடமும் தயார். பணம் என்ற பேச்சு வந்ததும்தான் கூட்டம் கலையும். ஒருவர் "சிஎஸ்ஆர்ல, அதான் கம்பெனிங்க சமூகப் பணிக்குக் கொடுக்குற பணத்துல, கேட்டுப் பாப்போம்" என்பார். இன்னொருவர் எம்.எல்.ஏ. நிதி என்பார். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருப்பவர் பேசாமல் இருப்பார், கடைசியில் தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வழிகளை எந்த இடம் அதிகம் தரும் என்று பார்த்து ஒப்பிடுவது வீண். பணம் வேலைக்கு முன்னால் வருமா பின்னால் வருமா, வேலை யார் கையில் நடக்கும், என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்ற மூன்றைத்தான் நான் பார்ப்பேன். இந்த மூன்றுக்கும் முன்னால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இது ஒருமுறை செலவா, மாதாமாதம் செலவா? கரை கட்டுவது ஒருமுறை செலவு. டியூஷன் வாத்தியாருக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுப்பது முடியவே முடியாத செலவு. இந்த ரெண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொண்டுபோகிறவர்களுக்கு ரெண்டுமே கிடைப்பதில்லை.

நமக்கு நாமே

அரசு வழிகளில் சிறு சங்கங்களுக்கு உண்மையிலேயே கதவு திறந்திருப்பது நமக்கு நாமே திட்டத்தில்தான். 2011-12 இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22 இல் பழைய பெயருக்கே திரும்பியது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். 6 லட்ச ரூபாய்க்கு ஊருணிப் படித்துறையும் கரையும் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் 2 லட்சம் கட்டினால் 4 லட்சம் அரசிடமிருந்து வரும். மனு கலெக்டருக்கு. எஸ்டிமேட் போடுவது ஒன்றியப் பொறியாளர். உங்கள் பங்கைக் கட்டிய பிறகுதான் நிர்வாக அனுமதி, அதன் பிறகு டெண்டர்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஊர்ப் பங்கு பாதிக்குக் குறையாமல் இருந்தால், வேலையை ஊராரே எடுத்துச் செய்யலாம், அல்லது தங்களுக்குப் பிடித்த ஆளை வைத்துச் செய்யலாம். மேலே சொன்ன கணக்கில் 2 லட்சத்துக்குப் பதிலாக 3 லட்சம் கட்டினால் கான்ட்ராக்டர் யார் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்தக் கூடுதல் ஒரு லட்சம் வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். உப்புக்காற்றில் கம்பி எத்தனை வருஷம் தாங்கும், ஊருணி மண்ணில் எவ்வளவு ஆழம் தோண்டினால் உவர் ஊறும் என்பதெல்லாம் உள்ளூர்க் கொத்தனாருக்குத் தெரிந்த அளவு வெளியூர் ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது. ஆழம் கூடிப்போய் நல்ல தண்ணீர் ஊருணி உப்பாகிவிட்டால், அப்புறம் எந்தத் திட்டத்திலும் அதைச் சரி பண்ண முடியாது.

குறையையும் சொல்ல வேண்டும். பங்கு என்பது பணம். இளைஞர்கள் இருபது நாள் மண் சுமந்தால் அது பங்காக ஏறாது. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் 2 லட்சம் சேர்ந்துவிடும். பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் அதிகமுள்ள ஒரு குடியிருப்பில் அதே 2 லட்சம் ரெண்டு வருஷக் கனவு. தேவை எங்கே அதிகமோ அங்கே பங்கு கட்ட வழியில்லை. திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம். ஒரு வழி உண்டு. பங்கைக் கட்டுவது தனி ஆளாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். பக்கத்து ஊர் வியாபாரியோ ஒரு கம்பெனியோ உங்களுக்காகக் கட்ட முன்வந்தால் சட்டம் தடுக்காது.

சிஎஸ்ஆர்

பேச்சில் அதிகம் அடிபடுவதும் கையில் குறைவாகக் கிடைப்பதும் இதுதான். கம்பெனிகள் சட்டம் 2013 இன் 135 ஆவது பிரிவு சொல்வது இவ்வளவு: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. நம் மாவட்டத்தில் எரிவாயுக் கிணறும் உண்டு, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் பூங்காவும் உண்டு. ஆகவே பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

சிக்கல் காகிதத்தில். 2021 ஏப்ரல் முதல், கம்பெனியிடம் பணம் வாங்கி வேலை செய்யும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு முதலில் டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு வேண்டும், அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ வேண்டும், நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். ஊர் இளைஞர் மன்றத்திடம் இருப்பது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கூட்டுறவு வங்கிக் கணக்கும்தான்.

இதனால் நடப்பது என்ன? பதிவு உள்ள வெளியூர் தொண்டு நிறுவனம் நடுவில் வரும். பணம் அதன் கணக்குக்கு. உங்கள் ஊருக்கு வருவது வேலை, பேனர், போட்டோ. நான் பார்த்த ஒரு கடற்கரைத் துப்புரவுப் பணியில் ஜிபிஎஸ் ஆப்பில் இடமும் நேரமும் பதிந்த படம் வேண்டும் என்றார்கள். அது நியாயம். கொடுத்தோம். வலைக் குவியலை ஏற்றிப்போன டிராக்டருக்கு மூன்று கொட்டேஷனும் ஜிஎஸ்டி பில்லும் வேண்டும் என்றார்கள். ஊரில் இருப்பதே ஒரு டிராக்டர். அவரிடம் இருப்பது கார்பன் தாள் வைத்து எழுதும் பில் புத்தகம், அதிலும் தேதி போடும் வழக்கம் கிடையாது. வாடகை 3,500 ரூபாய், அதற்கான காகிதத்துக்கு ராமநாதபுரத்துக்கும் ஊருக்கும் அலைந்த பஸ் காசும் நேரமும் தனி. பெயர் சொல்ல விருப்பமில்லை, நல்ல மனிதர்கள்தான், அவர்கள் ஆடிட்டருக்கும் பதில் சொல்ல வேண்டுமே.

அதனால் சிஎஸ்ஆரை முழுத் திட்டத்துக்கும் நம்புவதைவிட, பொருளாகக் கேட்பது சுலபம். பள்ளிக்குப் பெஞ்ச், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி, ஸ்மார்ட் டிவி. அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகக் கொடுக்கச் சொன்னால் உங்கள் சங்கத்துக்குப் பதிவே தேவைப்படாது.

சிறு மானியம்

சரியாக நம்மை மாதிரி ஆட்களை நினைத்து உருவானது உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம். 1992 இலிருந்து ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்துகிறது. ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் வரை என்பது நெடுநாள் வரம்பு. உழைப்பையும் இடத்தையும் உங்கள் பங்காக ஏற்றுக்கொள்வது இதன் பெரிய அழகு. நமக்கு நாமேயில் கணக்கில் வராத அந்த இருபது நாள் மண் சுமப்பு இங்கே கணக்கில் வரும். பல்லுயிர், பருவநிலை, மண் வளம் என்று சுற்றுச்சூழலைத் தொட்ட வேலைக்கு மட்டும்தான் கிடைக்கும். பள்ளிக் கழிப்பறைக்குக் கிடைக்காது. 21 தீவுகளும் பவளப்பாறையும் கடற்புல்லும் நம் வாசலில் இருக்கும்போது சுற்றுச்சூழல் வேலைக்கு நமக்கா பஞ்சம்? மனுவை ஆங்கிலத்தில் எழுத ஆள் தேடுவதுதான் பஞ்சம்.

இதன் பக்கத்தில் வெளிநாட்டு நன்கொடையை வைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டில் வாங்கி, அதில் ஒரு லட்சம் ரெண்டு லட்சம் என்று கிராமக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வந்த திருத்தம் அப்படிக் கைமாற்றிக் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டது. நேரடியாக வாங்கலாம் என்றால் மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும், டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு வேண்டும். மண்டபத்துப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு இது இனி வழியே இல்லை. ஐ.நா. அமைப்புகளின் பணம் இந்தச் சட்டத்தின் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்குள் வராது என்பதால் சிறு மானியம் தப்பித்தது.

மன்னார் வளைகுடாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கடலோரக் கிராமங்களில் குழுக்கள் அமைத்துச் சுழல் நிதி கொடுத்தது. வாங்கியவர் திருப்பிக் கட்டினால் அடுத்தவருக்கு. கட்டிய குழுவில் பணம் நின்றது, கட்டாத குழுவில் பதிவேடு மட்டும் நின்றது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்துவது. டிக்கெட் காசு வருவதால் அடுத்த மானியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மானியம் வாங்கினால் இப்படி ஏதாவது வருமானத்தை விட்டுவிட்டுப் போகிற மாதிரி வாங்குவது புத்திசாலித்தனம்.

ஊர்ப் பணம்

மீன் ஏலத்தில் ஊருக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பது, படகுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது, வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதம் 500 அனுப்புவது என்று இதற்குப் பல வடிவம். தொகை சின்னது. ஆனால் மேலே சொன்ன எந்த வழியும் தொடாத மாதாமாதச் செலவை இது மட்டும்தான் தாங்கும். வாத்தியார் சம்பளம், மோட்டார் கரண்ட் பில், ஆம்புலன்ஸ் டீசல் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. கணக்குக் கேட்பவர் கலெக்டர் இல்லை, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அவர் எந்த ஆடிட்டரைவிடவும் கறாரானவர். கெடுதல் என்னவென்றால் ஊர் ரெண்டு பட்டால் நிதியும் ரெண்டு படும், தேர்தல் வருஷத்தில் கேட்கவே வேண்டாம்.

மீதி வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ. நிதி தொகுதிக்கு வருஷம் 3 கோடி. நம் கரைக்குத் திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் என்று மூன்று தொகுதி. ரோடு, கட்டடம், ஹைமாஸ் விளக்கு கேட்கலாம், வேலை உங்கள் கையில் வராது. தமிழக அரசின் பசுமை முதன்மையாளர் விருது வருஷம் 100 பேருக்குத் தலா 1 லட்சம், சுற்றுச்சூழல் வேலையைச் செய்து முடித்தவர்களுக்கு. இணையத்தில் பணம் திரட்டுவது ஒரு பிள்ளையின் சிகிச்சைக்குப் பலிக்கும், ஊருணிக்குப் பலிப்பதில்லை.

காலம்

எந்த வழியாக இருந்தாலும் கடற்கரைக்கு ஒரு காலண்டர் உண்டு, விண்ணப்பப் படிவத்துக்கு அது தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், ஆட்கள் சும்மா, கையில் காசில்லை. உழைப்பு கேட்க அதைவிட நல்ல நேரமில்லை, நன்கொடை கேட்க அதைவிட மோசமான நேரமில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் தொழில் மந்தம், வாடை என்கிற வடகிழக்குக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம். ஊருணி வேலை அக்டோபர் மழைக்கு முன் முடிந்தாக வேண்டும். அரசு அனுமதி பெரும்பாலும் நிதியாண்டுக் கடைசியில் அவசர அவசரமாக வரும். ஆகவே ஊருணிக்கு நமக்கு நாமே என்று முடிவு செய்தால் பங்குப் பணத்தை முந்தின வருஷம் மீன் பாடு நன்றாக இருக்கும்போதே சேர்த்து வங்கியில் போட்டுவிட வேண்டும்.

கடல் ஓரத்தில் கட்டடம் என்றால் இன்னொன்று. ஏலக்கூடமோ வலை பின்னும் கொட்டகையோ எதுவானாலும் கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் சிஆர்இசட் விதி குறுக்கே வரும். பணம் ஒதுக்கிய பிறகு அனுமதி கேட்டு அலைவதைவிட, இடத்தின் சர்வே எண்ணை வைத்து முன்கூட்டியே விசாரிப்பது மேல். தீவுகளில் குப்பை அள்ளுவதானாலும் ஆமை முட்டை காப்பதானாலும் வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது, ஆர்வக்கோளாறு வழக்கில் முடியும்.

நான் ஒரு மன்றத்தின் பொறுப்பில் இருந்தால் இப்படிச் செய்வேன். கரை, படித்துறை, கழிப்பறை எல்லாம் நமக்கு நாமே, முடிந்தால் பாதிப் பங்கோடு. வலை அள்ளுவது, அலையாத்தி நடுவது சிறு மானியத்துக்கு. பள்ளிப் பொருள் கம்பெனியிடம். டியூஷனுக்கு யாரிடமும் மனு போட மாட்டேன், ஏலப் பங்கிலிருந்துதான். இதற்கிடையில் ஏழு பேர் சேர்ந்து 1975 ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, பான் கார்டு வாங்கி, வருஷா வருஷம் தணிக்கை முடித்து வைப்பேன். 80ஜி மட்டும் அவசரப்பட்டு வாங்க மாட்டேன். வாங்கினால் நன்கொடையாளர் விவரத்தை ஒவ்வொரு மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். அந்த மே மாதம் தடைக்காலத்தில் வருகிறது, ஆடிட்டர் ஃபீஸை அதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.