கடலோர பால்கனிக்குப் புறா வலை: வலையை விட ஹூக்கைப் பாருங்கள்

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் புறா வலை போடுகிறவர்கள் வலையின் தரத்தைத்தான் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். பொருள் நல்ல பொருள்தான், தாராளமாக வாங்கலாம். வெயில் தாங்கும்படி செய்த, முடிச்சுப் போட்ட நைலான் வலை மாடப்புறாவை உறுதியாகத் தடுக்கும். ஆனால் கடலோரத்தில் முதலில் கைவிடுவது, வலையின் ஓரக் கயிற்றைச் சுவரில் பிடித்து நிற்கும் ஹூக்.

துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பு ஹூக்கையும் உப்புக் காற்று தின்றுவிடும். முதலில் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். பிறகு துருவின் சொரசொரப்பு ஓரக் கயிற்றை அறுக்கத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெரம்பூர், கொளத்தூர் போல உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு 304 ரகம் போதும். கடலைப் பார்த்த பால்கனிக்கு மாலிப்டினம் சேர்ந்த 316தான் சரி. ஃபிட்டர் கொண்டுவந்த ஹூக்கில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: சட்டென்று ஒட்டினால் இரும்பு. வளைவில் மட்டும் லேசாக இழுத்தால் கவலை வேண்டாம், வளைத்த ஸ்டீல் அப்படித்தான் இழுக்கும். 304, 316 வித்தியாசத்தைக் காந்தம் காட்டாது. பில்லில் எழுதி வாங்குங்கள்.

10க்கு 8 அடி திறப்பென்றால் சுற்றளவு 36 அடி. அடிக்கு ஒன்றாக 36 ஹூக். 20 ஹூக்கோடு வேலையை முடித்தால் நடுவில் கயிறு தொய்யும். புறா அந்த இடத்தை முட்டி முட்டிக் கண்டுபிடித்துவிடும், குறிப்பாகக் கீழ் மூலையையும் ஏசி குழாய் வெளியே போகும் இடுக்கையும். துளை மேல்பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஒன்றரை இஞ்ச் இறங்க வேண்டும். பூச்சோடு நின்ற ஹூக் ஒரு மழைக்காலத்தில் சிமெண்டுத் துண்டோடு பெயர்ந்து வரும்.

வலையின் கண் 2 இஞ்ச். ஸ்கேலை முடிச்சுக்கு முடிச்சு வைத்து அளக்க வேண்டும். இதில் அணில் நுழையும். குருவியையும் தடுக்க முக்கால் இஞ்ச் கண் தேவை. வலை விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்த வலையில் புறாவின் கால் சிக்கினால், அது உதற உதற இழை இன்னும் இறுகிச் சதையை அறுக்கும்.

கட்டுவதற்கு முன் ஏசி யூனிட்டின் பின்னாலும் சன்ஷேடிலும் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை. பொரிய ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். குஞ்சை உள்ளே வைத்து அடைத்தால் அது பட்டினியில் சாகும், தாய் வெளியே வலையில் மோதிக்கொண்டே இருக்கும். பறந்து போகும்வரை பொறுத்து, பிறகு கட்டுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மாஸ்க் போட்டுச் சுரண்டி எடுங்கள். அந்தத் தூசியில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருக்கலாம். நாள்பட மூச்சில் போனால் நுரையீரல் அழற்சியும் வரும்.

வலை புறாவின் எண்ணிக்கையைக் குறைக்காது. உங்கள் பால்கனியை விட்டு அது பக்கத்து வீட்டு ஏசிக்குப் போகும், அவ்வளவுதான். தீனி கிடைக்கிறவரை மாடப்புறா வருஷம் முழுக்க முட்டையிடும். மொட்டைமாடியில் தினமும் கம்பும் சோளமும் கொட்டுகிற கட்டடத்தில் எத்தனை வலை கட்டினாலும் கூட்டம் குறையாது. இறைப்பதை நிறுத்தச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் பேசி முடிப்பதும் வலை வேலையில் ஒரு பாகமே.

இது குழந்தையைத் தாங்கும் பாதுகாப்பு வலை இல்லை. கைப்பிடிக் கம்பிக்கு மாற்றாக நினைக்காதீர்கள். ஏசி சர்வீஸ் செய்ய ஒரு பக்கம் ஜிப் வைக்கச் சொல்லுங்கள். துணிக்கொடியை வலையில் கட்ட வேண்டாம். ஒரு கண் அறுந்தால் வெள்ளை பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்குகிறார்கள்; அது வெயிலில் நொறுங்கிவிடும். காசிமேட்டில் மீன் வலை பழுது பார்ப்பதுபோல, வலை ஊசியில் அதே நைலான் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் நிற்கும்.