பற்றீரியாவின் புரதப் பகுப்பு: மட்டக்களப்பில் விற்பனையாகும் ஒரு கைநூல் பற்றி

மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்று, உயர்தர உயிரியல் மாணவர்களையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாக முதலாம் வருடத்தினரையும் மனதிற்கொண்டு, பற்றீரியாக் கலத்தினுள் புரதங்கள் சிதைக்கப்படும் விதத்தை விளக்கும் கைநூலொன்றை அச்சிட்டு விற்கிறது. தமிழில் இவ்விடயத்தை எடுத்துக்கொண்டதற்காகவே அதை வாங்கலாம். ஆனால் சில இடங்களில் கவனம் தேவை.

நொதியத்தின் அமைப்பை விளக்கும் பகுதி மிகத் தெளிவானது. புரதங்களை வெட்டும் கிளிப்-பி என்னும் நொதியத்தின் 14 உபஅலகுகள் இரு வளையங்களாக அடுக்கப்பட்டு, வெட்டும் மையங்கள் உள்ளறையில் மறைந்திருப்பதையும், வாயில் ஒடுங்கியிருப்பதால் மடிந்த புரதம் தானாக நுழைய இயலாததையும், ஆறு உபஅலகுகள் கொண்ட கிளிப்-எக்ஸ் வளையமே கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பீ.யைச் செலவிட்டு மடிப்பை அவிழ்த்து உள்ளே செலுத்துவதையும் ஆசிரியர் படிப்படியாகச் சொல்கிறார். இவ்வளவு எழுதியபின் அதனை நெல் ஆலைக்கு ஒப்பிட்டதுதான் பொருந்தவில்லை. ஆலை கொட்டியதையெல்லாம் அரைக்கும். இங்கோ எது உள்ளே விடப்படுகிறது என்பதிலேயே கட்டுப்பாடு முழுவதும் தங்கியுள்ளது.

அதற்கான சிறந்த உதாரணம் நூலிலேயே இருந்தும் அரைப் பக்கத்துக்குள் ஒடுக்கப்பட்டுவிட்டது. ஈ.கோலை என்னும் குடல்வாழ் பற்றீரியா செழித்து வளரும்போது, சிக்மா-எஸ் என்னும் புரதத்தை ஆர்.எஸ்.எஸ்.பி என்னும் இணைப்பி பிடித்து, கிளிப்-எக்ஸும் கிளிப்-பியும் சேர்ந்த கிளிப்-எக்ஸ்-பியிடம் ஒப்படைப்பதால், அது உருவாகிய சில நிமிடங்களிலேயே அழிகிறது. பொசுபேற்றுப் பற்றாக்குறை ஏற்பட்டால் ஐரா-பி, மகனீசியம் குறைந்தால் ஐரா-எம், டி.என்.ஏ. சேதமுற்றால் ஐரா-டி என வெவ்வேறு தடுப்பிகள் அந்த இணைப்பியை மறித்துவிட, சிக்மா-எஸ் தேங்கி, நெருக்கடியைத் தாங்கும் மரபணுக்களை இயக்குகிறது. புதிதாக உற்பத்தியைத் தொடங்கும்வரை காத்திராமல் அழிவை நிறுத்தியே கலம் விரைந்து பதிலளிக்கும் இந்த உத்தியை விட்டுவிட்டு, நொதியங்களின் பெயர்ப் பட்டியலுக்குப் பக்கங்களைச் செலவிட்டது ஏன் என்று விளங்கவில்லை.

புரதங்களைத் தொகுக்கும் இறைபோசோம் இடைநடுவில் நின்றுவிட்டால், அதிலுள்ள குறைப்புரதத்துக்கு ரீ.எம்.ஆர்.என்.ஏ. என்னும் சிறப்பு ஆர்.என்.ஏ. 11 அமினோ அமில வாலொன்றைச் சேர்த்து அழிவுக்குக் குறிக்கும் பகுதி சுருக்கமானாலும் போதுமானது.

பற்றீரியாக்களில் புரோட்டியசோம் (எமது கலங்களிலும் புரதங்களைச் சிதைக்கும் பீப்பாய் வடிவத் தொகுதி) இல்லை என்று உறுதியாக எழுதியிருப்பது தவறு. காசநோய்க் கிருமியில் அது உண்டு. அழிக்கப்படவேண்டிய புரதங்களில் அங்கே பப் என்னும் சிறுபுரதம் ஒட்டப்படுகிறது. படங்களோ கருமையாக அச்சாகி, அம்புக்குறிகள் எங்கே தொடங்குகின்றன என்றே தெரியவில்லை. வளாக மாணவர்கள் இதனைப் பாடநூலுடன் சேர்த்து வாசிக்கலாம்; பரீட்சைக்கு மட்டும் படிப்போருக்கு முதல் அத்தியாயம் போதும்.