ஹெலிகாயில் போட்டேன் என்றால், ஒடித்த நாக்கைக் கேளுங்கள்

பைக்கில் என்ஜின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்டின் மரை போய்விட்டதா? பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,400 ரூபாய் போயிற்று, ஊற்றிய புது ஆயிலும் போயிற்று.

அவிநாசிப் பக்கம் ஒரு பட்டறையில் ஆயில் மாற்ற விட்டிருந்தேன். பையன் நீள ஸ்பேனரைப் போட்டு எம்பி முறுக்கினான். போல்ட் சும்மா சுற்ற ஆரம்பித்தது. கேசிங் எனும் என்ஜின் வெளிக்கூடு அலுமினியம், போல்ட் இரும்பு, விட்டுக்கொடுப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை. "கேசிங் மாத்தணும்னா ரொம்ப ஆகுங்க. ஹெலிகாயில் போட்டா 1,400ல முடிஞ்சுருமுங்க" என்றார் ஓனர். போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் திருகும் கம்பிச் சுருள்தான் ஹெலிகாயில். கெடுத்தது உங்கள் பையன்தானே என்று கேட்க அப்போது வாய் வரவில்லை. பில்லிலும் 'ஹெலிகாயில்' என்றே எழுதிக் கொடுத்தார்.

பதினோராம் நாள் காலையில் வாசலில் ஆயில் சொட்டியிருந்தது. நல்லவேளை, ஓட்டிப் பார்க்காமல் வண்டியை ஆட்டோவில் ஏற்றிக் கோவை கணபதியில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். பெரியவர் போல்டைக் கழற்றினார். கையாலேயே வந்தது. கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். நகத்தால் சுரண்டினார், மாவாக உதிர்ந்தது.

"கண்ணு, இதுல கம்பியே இல்லியே. பசையப் பூசி மரை மாதிரி காட்டியிருக்கான்."

அப்புறம் நிஜ ஹெலிகாயிலைக் கையில் கொடுத்தார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள். கம்பியின் வெட்டுமுகம் சீட்டுக்கட்டு டைமன் போல இருக்கும். வெளி முனை கேசிங்கில் பதியும், உள் முனை போல்டுக்கு மரையாகும். என் 12 மில்லிமீட்டர் போல்டுக்கு 12.4ல் டிரில் போட்டு, ஹெலிகாயிலுக்கென்றே உள்ள, மரை வெட்டும் பெரிய டேப்பை அடித்தார். சாதா டேப் இதற்கு ஆகாது. சீவல் என்ஜினுக்குள் விழாமலிருக்க டேப்பில் கிரீஸ் அப்பியிருந்தார். சுருளைத் திருகி, மேல்மட்டத்துக்குக் கால் சுற்று கீழே இறக்கினார். திருகுவதற்காக அடியில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும், அதுதான் நாக்கு. வேலை முடிந்ததும் அதை ஒடித்து எடுத்தே ஆகவேண்டும். நோஸ் பிளையரில் பிடித்து ஒடித்து, அரிசிக் குருணை போன்ற அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். இப்படி ஒன்றைக் காட்ட முடியாதவர் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஆயிலை அடைப்பது மரை அல்ல, போல்ட் தலைக்கடியில் இருக்கும் வாஷர். அதையும் புதிதாகப் போட்டார். எல்லாம் சேர்த்து 450 ரூபாய்.

சாம்பல் வளையத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். "அதும் ஹெலிகாயில் மாதிரித்தானுங்ணா" என்றார் ஓனர். கத்திய பிறகு 600 ரூபாய் கைக்கு வந்தது. மீதிக்கு, அடுத்த தடவை ஆயில் இலவசமாக மாற்றித் தருகிறாராம்.