நிலம் யார் கையில்? சிங்கப்பூரும் பிஜியும்

சிறிய நாட்டில் நிலம் வீணானால் ஒதுங்க வேறு இடம் கிடையாது. இந்த நெருக்கடிக்கு இரு தீவு நாடுகளும் நேரெதிரான விடைகளைக் கண்டன.

சிங்கப்பூரில் பெரும்பகுதி நிலம் அரசுடையது. அதற்குப் பெரிதும் வழிவகுத்தது 1966-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம். நகரச் சீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் ஒவ்வொரு மனையின் பயன்பாட்டையும் கட்டட அடர்த்தியையும் வரையறுக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கிறது. வீடும் ரயிலும் ஒன்றாகத் திட்டமிடப்படுவது இதனால்தான். ஆனால் நிலம் இழந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் பழைய மதிப்பிலேயே இழப்பீடு கிடைத்தது. 2007-இல்தான் சட்டம் முழுச் சந்தை மதிப்புக்கு மாறியது. அந்தத் தாமதம் எனக்கு உறுத்துகிறது.

பிஜியில் ஏறத்தாழ 87 விழுக்காடு நிலம் பூர்வகுடி இதௌக்கே குலங்களுக்கு உரியது. அதை விற்க முடியாது. 1940-இல் உருவான நில அறக்கட்டளை வாரியம் குத்தகைக்கு மட்டும் விடுகிறது. காலனி ஆட்சிக்குப் பிறகும் மண்ணின் மக்கள் மண்ணோடு இருப்பது பெரிய சாதனை. ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் குத்தகைதாரர்கள். 1976-ஆம் ஆண்டு வேளாண் குத்தகைச் சட்டம் நீட்டித்த பழைய குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கின. தலைமுறையாகக் கரும்பு விளைவித்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பல, தமிழர் உட்பட, வெளியேற நேர்ந்தது.

புதிதாகச் சட்டம் எழுதும் சிறு நாட்டுக்கு நான் பிஜியின் உரிமை முறையையே பரிந்துரைப்பேன். ஆனால் குத்தகை முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே புதுப்பிப்பா இல்லையா என்று சொல்லும் கடமையைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.