சித்தப்பாவின் நெற்றியில் ஒரு ரூபாய் அளவு துளை

டொராண்டோவிலிருந்து மூன்று வார லீவில் சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ஐந்தாம் நாள் காலை, சித்தப்பாவின் வலது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே திண்ணையில் சாய்ந்துவிட்டார். வாய் கோணியிருந்தது. "பித்தமா இருக்கும்" என்று சித்தி எலுமிச்சம்பழம் பிழியப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பிரினோடு வந்தார். இரண்டையும் கொடுக்கவிடாமல் தடுத்ததுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம். பக்கவாதம் மூளை ரத்தக்குழாய் அடைப்பாலா, ரத்தக் கசிவாலா என்பது ஸ்கேனில்தான் தெரியும்; கசிவென்றால் ஆஸ்பிரின் எரிகிற தீயில் எண்ணெய்.

108 இருபது நிமிடத்தில் வந்தது. பிரஷர் 210/120. முதலில் போன தனியார் மருத்துவமனையில் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். என் கனடா கார்டை மெஷின் ஏற்கவில்லை, மச்சானின் ஜிபே காப்பாற்றியது. சி.டி. எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு, "நியூரோ சர்ஜன் இல்லை, மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார்கள். அதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம்!

மதுரையில் பார்த்த டாக்டர் வேறு ரகம். திரையில் மூளையின் நட்ட நடுவே எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. சுமார் 40 மில்லி ரத்தம், பேசல் கேங்லியா என்ற ஆழமான பகுதியில். வருஷக்கணக்கான பிரஷரில் நைந்துபோகும் நுண்குழாய்கள் பெரும்பாலும் அங்கேதான் உடையுமாம். ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மண்டையோட்டைப் பெரிதாகத் திறந்தால், அவ்வளவு ஆழம் போவதற்குள் நல்ல மூளையும் அடிபடும். அதனால் நெற்றிக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு துளை, அதன் வழியே ஒல்லியான கண்ணாடி போன்ற குழாய், உள்ளே எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமரா. பார்த்துக்கொண்டே உறைந்த ரத்தத்தை உறிஞ்சி எடுப்பார்கள். முழுதும் வழித்தெடுக்க மாட்டார்கள். ஓரத்தில் ஒட்டியிருப்பதை இழுத்தால் மறுபடி கசியலாம்.

"உயிரைக் காப்பாத்தப் பார்க்கிறோம். கை கால் வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அமெரிக்காவில் 300 பேரை வைத்து நடந்து 2024இல் வெளியான என்ரிச் ஆய்வையும் அவரே சொன்னார்: சிறு துளை வழி அறுவை மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவுக்கு நன்றாகப் பலன் தந்தது, ஆழத்துக் கசிவுக்கு அப்படித் தெளிவாக வரவில்லை. கையெழுத்து வாங்கும் நேரத்தில் இதை யார் சொல்வார்கள்? அதைக் கேட்டுத்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

ஆபரேஷன் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. அப்புறம் பதினோரு நாள் ஐ.சி.யூ. வாசல். மாலையில் ஐந்து நிமிடம் பார்க்கலாம், ஒருவர் மட்டும். அட்டெண்டருக்கு நூறு ரூபாய் தள்ளினால் அது பத்து நிமிடம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சித்தியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது; அதைத் தேடி எடுத்து, ஒப்புதல் வாங்க இரண்டு நாள் ஆனது.

நான் கிளம்பும்போது சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். கால் லேசாக அசைகிறது, கை இல்லை. பேச்சில் பாதி வார்த்தை. பிசியோதெரபிக்கு ஊரில் ஆளில்லை. காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி வாரத்துக்கு மூன்று நாள் பைக்கில் வருகிறார். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் அக்காவும் வந்தார். அவர் முன்பு கொடுத்த இரண்டு மாத மாத்திரை அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. "தலைவலி இல்லையேன்னு விட்டுட்டாரு" என்றார் சித்தி.