டிரான்ஸ்ஃபர் மாணவராகப் போனால் எந்த ரூம்?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) இரண்டு வருடம் ஓட்டிவிட்டு மூன்றாம் வருடத்துக்கு யூனிவர்சிட்டிக்கு மாறியவன் நான், இரண்டு வகை அறையிலும் இருந்தாயிற்று.

முதலில் பழைய பாணி டார்ம், அதாவது மாணவர் விடுதி. நீள வராந்தா, ஒரே அறையில் மூன்று பேர், குளியலறை மாடிக்கே பொது. செருப்பும் சோப்பு டப்பாவுமாகக் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்பதுகூடப் பழகிவிடும். ஆனால் சுற்றிலும் பதினெட்டு வயசுப் பிள்ளைகள், ராத்திரி ரெண்டு மணிக்கு வராந்தாவில் கால்பந்து. எனக்கோ மறுநாள் லேப். அதோடு மீல் பிளான், அதாவது விடுதிச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது, கட்டாயம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் காசு போகும். ரசம் சாதத்துக்கு ஏங்கியே ஒரு செமஸ்டர் போனது. குளிர்கால விடுமுறைக்குக் கட்டடத்தையே பூட்டிவிட்டார்கள், பெட்டியோடு நண்பன் வீட்டு சோஃபாவுக்குப் போனேன்.

அப்புறம் அபார்ட்மென்ட் பாணி. நாலு பேர், இரண்டு படுக்கையறை, சொந்தச் சமையலறை. குக்கர் விசில் அடித்த அன்றுதான் மனசு ஆறியது! மீல் பிளான் வேண்டாம். குறை என்றால் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரன் முகமே தெரியாது, நாமேதான் வெளியே போய் ஆள் பிடிக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் சூட் வகையும் உண்டு, குளியலறையை நாலைந்து பேர் மட்டும் பகிர்வது. சமைக்காதவர்களுக்கு அது சரி.

யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) மாதிரி சில இடங்களில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு வருடம் தங்க இடம் உறுதி. அட்மிஷன் வந்த அன்றே ஹவுசிங் படிவத்தைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள். எனக்கு முதலில் டார்ம் விழுந்ததே அதைத் தள்ளிப்போட்டதால்தான்.