லாஸ்ட் மைனா, ஐஸ்ஸ்பயர் பீக்கா: ரெண்டையும் நடத்திப் பாத்ததுல

டிஎன்டிங்கறது (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மேசையச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா கதைய விளையாடற கேம். அதுல முதல் தடவை டிஎம், அதாவது கதைய நடத்தறவரா ஆகறவங்க கையில பல வருஷமா பெரும்பாலும் இந்த ரெண்டு ரெடிமேட் கதைல ஒண்ணுதான் இருந்துச்சு. 2014 ஸ்டார்டர் செட்ல வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர், இல்லன்னா 2019 எசென்ஷியல்ஸ் கிட்ல வந்த டிராகன் ஆஃப் ஐஸ்ஸ்பயர் பீக். ரெண்டுமே 64 பக்கம், ரெண்டுமே ஃபேண்டலின்ங்கற அதே குட்டி ஊரச் சுத்திதான்.

கதைன்னு பாத்தா லாஸ்ட் மைன்தான் கெத்து, சந்தேகமே இல்ல. வண்டி ஓட்டிட்டுப் போறப்ப ரோட்டு நடுவுல ரெண்டு குதிரை செத்துக் கிடக்கும், கிட்ட போனா புதர்லருந்து நாலு காப்ளின், குட்டி அரக்கனுங்க. அந்த ஒரு சீன்லயே எல்லாரும் ஃபோன கீழ வச்சிட்டாங்க. வெனம்ஃபேங்னு ஒரு பச்சை டிராகன் வேற.

ஆனா நான் இப்ப யாரு கேட்டாலும் ஐஸ்ஸ்பயர் பீக்தான் சொல்வேன். காரணம் ஒண்ணே ஒண்ணு, ஆள் வராதது. எங்க குரூப்ல அஞ்சு பேர், அஞ்சும் ஒண்ணா உக்காந்தது எத்தன தடவைன்னு விரல் விட்டு எண்ணிடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு "மச்சி இன்னைக்கு முடியல"ன்னு மெசேஜ் வரும், லாஸ்ட் மைன்ல அப்ப நாம குகைக்குள்ள பாதியில நிக்கறோம், போன வாரம் கூட நின்னு சண்ட போட்ட கிளெரிக் (சாமி மந்திரம் போடற கேரக்டர்) இந்த வாரம் எங்க போனான், காத்துல கரைஞ்சானா? இதுல எக்ஸ்பி (லெவல் ஏறச் சேக்கற அனுபவப் புள்ளி) கணக்கு வேற, வராதவனுக்கு குடுக்கறதா வேணாமான்னு ஒரு தனி பஞ்சாயத்து. கடைசிக் குகைய முடிக்கவே எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு.

ஐஸ்ஸ்பயர்ல ஊர்ல ஒரு ஜாப் போர்டு இருக்கும், வந்தவங்க ஒரு வேலைய எடுத்துட்டுப் போவாங்க, முடிச்சிட்டு அன்னைக்கே ஊர் திரும்பி காசு வாங்கிடுவாங்க. அடுத்த வாரம் யார் வந்தாலும் ஃபேண்டலின்லருந்தே ஆரம்பம். எக்ஸ்பியும் கிடையாது, வேலை முடிச்சா கேரக்டருக்கு லெவல் ஏறும். எனக்கு தயாரிப்பும் அரை மணி நேரம்தான். ரெண்டே பேர் வந்த ஒரு நாள் அந்த கிட்ல இருக்கற சைட்கிக் (துணைக்கு வர்ற கேரக்டர்) ரூல்ஸ வச்சு ஓட்டினேன், நல்லாதான் போச்சு, ஆனா ஒரே ஒரு செஷன்தான், அத வச்சு பெருசா சொல்ல மாட்டேன்.

குறையும் இருக்கு. வேலைகளுக்குள்ள ஒட்டே இல்ல, சில வாரம் ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரிதான் இருக்கும். அம்ப்ரேஜ் ஹில்ங்கற வேலைல, முதல் லெவல் ஆளுங்க மேல 68 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) இருக்கற மாண்டிகோர்ங்கற சிறகு மிருகத்த விட்டா என்ன ஆகும்? எங்காளுங்க அதுகிட்ட பேரம் பேசி, கறி குடுத்து அனுப்பினாங்க, இல்லன்னா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். தலைப்புல வர்ற டிராகன் க்ரையோவேன் கூட கடைசி சண்ட நாங்க இன்னும் போடல, அது எப்படின்னு என்னக் கேக்காதீங்க.

வாராவாரம் தவறாம வர்ற நாலு பேர் உங்களுக்குக் கிடைச்சிருந்தா, குடுத்து வச்சவங்க, லாஸ்ட் மைனே எடுங்க. நான் அடுத்த குரூப்புக்கு அந்த செத்த குதிரை சீன மட்டும் முதல்ல ஓட்டிட்டு, ஊருக்குள்ள வந்ததும் ஜாப் போர்ட மாட்டிடலாம்னு இருக்கேன், ஊரும் ஒண்ணு, டவுன்மாஸ்டரும் (ஊர்த் தலைவரும்) அதே ஆளுதான்.